பொங்கல் சந்தேகங்கள்: வருடா வருடம் என்னிடம் கேட்கப்படுபவை

மார்கழி கடைசி வாரம் வந்தால் எனக்குப் போன் வர ஆரம்பிக்கும். பிறந்தது தாமிரபரணிக் கரையில், வாழ்க்கைப்பட்டது கோபிச்செட்டிபாளையம் பக்கம். அதனால் தெற்கத்திப் பொங்கலும் கொங்குப் பொங்கலும் எனக்கு அத்துப்படி என்று வீட்டுப் பிள்ளைகள் நம்புகிறார்கள். சென்னையில் புதுக்குடித்தனம் போன தங்கை மகள் "பெரியம்மா, இப்படிச் செய்தால் தப்பா?" என்பாள். சிங்கப்பூரில் இருக்கும் நாத்தனார் மகன் "அத்தை, அளவு மட்டும் சொல்லுங்க" என்பான். போன வருடம் ஒரே பதிலை ஏழு பேருக்குச் சொன்னேன். இந்த வருடம் எழுதியே வைத்துவிட்டேன்.

பொங்கல் ஏன் ஒரு வருடம் ஜனவரி 14, ஒரு வருடம் 15?

சூரியன் மகர ராசிக்குள் போகும் நேரத்தை வைத்துத்தான் தை பிறக்கிறது. அந்த நேரம் ஆங்கிலக் காலண்டரில் வருடத்துக்குச் சுமார் ஆறு மணி நேரம் தள்ளிப்போகும். லீப் வருடம் வந்து அதைப் பின்னுக்கு இழுக்கும். சூரியன் மறைவதற்கு முன் சங்கராந்தி நேர்ந்தால் அன்றே தை 1, மறைந்த பிறகு என்றால் மறுநாள். அதனால்தான் 2024-ல் 15, 2025-ல் 14, 2026-ல் மறுபடி 15.

இந்தக் கணக்கிலேயே இன்னொரு மெதுவான நகர்வும் உண்டு. சுமார் எழுபது வருடத்துக்கு ஒரு நாள் பொங்கல் தள்ளிப்போகிறது. விவேகானந்தர் பிறந்தது மகர சங்கராந்தி அன்று என்பார்கள். அவர் பிறந்த தேதி 1863 ஜனவரி 12. அப்போது அதுதான் பொங்கல் நாள். உத்தராயணம் தொடங்குகிற நாள் என்று நாம் இதைச் சொன்னாலும், சூரியன் உண்மையில் வடக்கே திரும்புவது டிசம்பர் 21, 22-லேயே. ஒரு காலத்தில் இரண்டும் ஒன்றாக இருந்தன, இப்போது மூன்று வாரத்துக்கு மேல் பிரிந்துவிட்டன.

எத்தனை மணிக்குப் பொங்கல் வைக்க வேண்டும்?

எங்கள் பிறந்த வீட்டில் நேரம் பார்த்ததே இல்லை. பொழுது விடியும்போது பானை பொங்க வேண்டும், அவ்வளவுதான். அதற்காக நான்கரைக்கே எழுப்பிவிடுவார்கள். டெல்டா பக்கத்தில் பஞ்சாங்கம் பார்த்து, ராகு காலம் எமகண்டம் தவிர்த்து வைப்பவர்கள் நிறைய. வாக்கியப் பஞ்சாங்கம் ஒரு நேரம் சொல்லும், திருக்கணிதம் ஒரு நேரம் சொல்லும். டிவியில் ஜோசியர் மூன்றாவதாக ஒன்று சொல்வார். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எதைப் பார்ப்பார்களோ அதைப் பாருங்கள். யாரும் எதையும் பார்த்ததில்லை என்றால் சூரியனைப் பாருங்கள்.

போகிக்கு எதை எரிக்கலாம்?

பழைய பாய், கிழிந்த முறம், தேய்ந்த துடைப்பம், இற்றுப்போன கூரை ஓலை. அந்தக் காலத்து வீட்டுக் குப்பை இதுதான், எல்லாம் மண்ணில் விளைந்தவை, எரிந்தால் சாம்பல். இன்றைக்கு வீட்டில் இருப்பது பிளாஸ்டிக் நாற்காலி, பழைய டயர், ரெக்சின் பை. இதை எரித்தால் அது போகி இல்லை. 2018 போகியன்று சென்னை விமான நிலையத்தில் புகையும் பனியும் சேர்ந்து விமானங்கள் இறங்க முடியாமல் திரும்பின. தங்கை மகளிடம் நான் சொன்னது: ஒரு பழைய துடைப்பத்தை மட்டும் கொளுத்து, மற்றதைப் பழைய இரும்புக்காரரிடம் போடு. குழந்தைக்கு ஒரு போகி மேளம் வாங்கிக் கொடு, அது பாட்டுக்கு அடித்துக்கொண்டு இருக்கட்டும்.

கொங்குப் பக்கம் 'காப்புக்கட்டு' என்கிறார்களே?

மார்கழி கடைசி நாள் சாயங்காலம் அது. நான் கல்யாணமாகி வந்த வருடம் இது எனக்குப் புதுசு. பூளைப்பூ, வேப்பிலை, ஆவாரம்பூ மூன்றையும் சிறு கொத்தாகச் சேர்த்து வீட்டு வாசல் நிலை, கூரை முனை, மாட்டுக் கொட்டகை, கிணற்றடி, காட்டின் (இங்கே வயலைத்தான் காடு என்பார்கள்) மூலை என்று எல்லா இடத்திலும் சொருகுவார்கள். சில வீடுகளில் மாவிலை, பிரண்டை, தும்பையும் சேரும். பூளைப்பூ என்பது வேலியோரத்தில் தானாக முளைக்கிற செடி, வெள்ளையாகப் பஞ்சு உருட்டி வைத்த மாதிரிக் கதிர் விடும். மற்ற பதினோரு மாதமும் அதை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். காப்புக்கட்டு அன்று மட்டும் கோபி சந்தையில் கட்டுக் கட்டாக விற்கும்.

என் மாமியார் காப்புக் கட்டாமல் பொங்கலுக்கு அடுப்பு மூட்ட விடமாட்டார். காட்டில் கட்டப் போகும்போது வரப்பில் நின்று பயிரைச் சும்மா ஒரு பார்வை பார்ப்பார். சாமி கும்பிடுகிறாரா, களை எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிறாரா என்று கடைசி வரை எனக்குத் தெரியவில்லை.

தெற்கத்திப் பொங்கல் எப்படி வேறு?

வாசலில் வைப்பார்கள், அடுக்களையில் அல்ல. முதல் நாளே வாசலைச் சாணி போட்டு மெழுகிக் கோலம் போட்டாகிவிடும். அடுப்புக்குச் செங்கல் இல்லை, 'பொங்கக்கட்டி'. மண்ணில் பிடித்துக் காயவைத்த மூன்று கட்டிகள், சுண்ணாம்பு அடித்துக் காவிப் பட்டை போட்டிருக்கும். விறகு பனையோலை.

இந்தப் பனையோலை விஷயத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காய்ந்த ஓலை பொசுக்கென்று பிடிக்கும், அதே வேகத்தில் அடங்கிவிடும். அதனால் ஓர் ஆள் அடுப்பு முன்னால் குத்தவைத்து ஓலையை ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வேலை எங்கள் வீட்டில் எனக்கு. கண்ணெல்லாம் கரிக்கும், முடியெல்லாம் புகை மணக்கும், புதுப் பாவாடையில் ஒரு பொறி விழுந்து ஓட்டை விழாத வருடம் இல்லை. ஆச்சி பின்னால் நின்றுகொண்டு, "தள்ளுளா, தீ இறங்குது பாரு" என்பாள். இரண்டு பானை வைப்போம், ஒன்று பால் பொங்கல், அதாவது வெறும் வெள்ளைப் பொங்கல். இன்னொன்று சர்க்கரைப் பொங்கல். பால் விளிம்பைத் தாண்டி வழிகிற அந்த நொடியில் தெருவில் வீட்டுக்கு வீடு பெண்கள் குலவை போடுவார்கள். ஒரு வீட்டில் குலவை கேட்டால் அடுத்த வீட்டு அடுப்பில் ஓலை வேகமாகப் போகும்.

படையலில் பச்சைக் காய்கறிகளை அப்படியே அடுக்குவோம். பூசணி, சேனை, சேம்பு, சிறுகிழங்கு, கருணை, வாழைக்காய், மொச்சை, அவரை, சீனிக்கிழங்கு. அவித்த பனங்கிழங்கும் உண்டு. பாதிக்கு மேல் மண்ணுக்கு அடியில் விளைந்தவை. அப்புறம் அத்தனையும் ஒரே குழம்புக்குள் போகும்.

இன்னொன்று. பொங்கலை அறுவடைத் திருநாள் என்கிறோம். டெல்டாவில் சம்பா அறுப்பு தையில் வரும், அங்கே அது சரி. ஆனால் தாமிரபரணிப் பாசனத்தில் பிசானப் பருவ நெல்லை அறுப்பது பெரும்பாலும் மாசி, பங்குனியில்தான். பொங்கலன்று எங்கள் வயல் பச்சைப்பசேல் என்று நிற்கும். "அறுக்காமலே அறுவடைத் திருநாளா?" என்று சின்ன வயதில் தாத்தாவிடம் கேட்டிருக்கிறேன். "கிழங்கு தோண்டியாச்சுல்லா" என்றார்.

மண்பானை வாங்கினேன், அப்படியே அடுப்பில் வைக்கலாமா?

வைத்தால் விரியும். ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணீரில் முக்கி வையுங்கள். மறுநாள் அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றிச் சின்னத் தீயில் கொதிக்கவிட்டு, தானாக ஆறவிட்டுக் கழுவுங்கள். இதை இரண்டு நாள் செய்தால் நல்லது. பொங்கலன்று தீயை மெல்ல ஏற்ற வேண்டும், சூடான பானையில் பச்சைத் தண்ணீரை ஊற்றக் கூடாது. இண்டக்ஷன் அடுப்பில் மண்பானை சூடாகாது, பித்தளையும் ஆகாது. இதைப் பொங்கலன்று காலையில் கண்டுபிடித்தவர்கள் இருக்கிறார்கள். பித்தளைப் பானை என்றால் உள்ளே ஈயம் பூசியிருக்கிறதா பாருங்கள். வெண்கலப் பானைக்கு அது தேவையில்லை.

குக்கரில் வைக்கலாமா? வையுங்கள். ஆனால் பாலை மட்டும் தனியாக ஒரு சின்னப் பாத்திரத்தில் பொங்கவிட்டு, அப்புறம் குக்கரில் ஊற்றுங்கள். விசில் வந்ததற்குக் குலவை போட முடியாது.

பால் எந்தப் பக்கம் வழிந்தால் நல்லது?

கிழக்கே வழிந்தால் நல்லது என்பார்கள், வடக்கும் நல்லது என்பார்கள். தெற்கே வழிந்தால் செலவு என்பார்கள். உண்மையில் அடுப்புக் கட்டி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் வழியும். எங்கள் ஆச்சிக்கு இது நன்றாகத் தெரியும். பானையை ஏற்றும்போதே கிழக்குப் பக்கத்துக் கட்டியின் கீழ் மண்ணை ஒரு கை சுரண்டிவிடுவாள்.

வழியவே இல்லை என்று பயப்படுகிறவர்கள் பானையில் முக்கால் அளவுக்கு மேல் தண்ணீரும் பாலும் ஊற்றுங்கள், அரிசி களைந்த இரண்டாம் தண்ணீராக இருந்தால் சீக்கிரம் நுரைக்கும். மூடி போடாதீர்கள். பொங்கிய பிறகு கொஞ்சம் தண்ணீரை முகந்து எடுத்துவிட்டு அரிசியைப் போடுங்கள், முகந்ததைப் பக்கத்தில் வைத்துத் தேவைக்கு ஊற்றிக்கொள்ளலாம்.

சர்க்கரைப் பொங்கலுக்கு அளவு? எனக்கு அரிசி விறைத்துப்போகிறது.

ஒரு டம்ளர் பச்சரிசி, கால் டம்ளர் பாசிப்பருப்பு, ஒன்றரை முதல் இரண்டு டம்ளர் பொடித்த வெல்லம். பருப்பை மணம் வர வறுத்துக்கொள்ளுங்கள். விறைத்துப்போவதற்குக் காரணம் ஒன்றுதான், வெல்லத்தைச் சீக்கிரம் போட்டுவிடுகிறீர்கள். வெல்லம் விழுந்த பிறகு அரிசி வேகாது. கையால் நசுக்கினால் மாவாக வேண்டும், அதற்கப்புறம்தான் வெல்லம். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி ஊற்றுங்கள், மண் இருக்கும். பால் நிறைய விட்டிருந்தால் வெல்லம் பட்டுத் திரியலாம், அடுப்பைக் குறைத்துவிட்டு ஊற்றினால் தப்பிக்கும். புது அரிசி சீக்கிரம் குழையும், தண்ணீரைக் குறைத்துக்கொள்ளுங்கள். நெய்க்கு அளவு சொல்ல மாட்டேன். பச்சைக் கற்பூரத்துக்குச் சொல்வேன்: கடுகளவு. கூடினால் மருந்து மாதிரிக் கசக்கும்.

கரும்பும் மஞ்சள் கொத்தும் எதற்கு?

அந்த மாதத்தில் அவை தயாராக இருக்கின்றன. சித்திரை, வைகாசியில் நட்ட செங்கரும்பு சரியாகப் பொங்கலுக்கு வெட்டுக்கு வரும். சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்பு வேறு, அது கடிக்கக் கடினம். மஞ்சளும் அப்படித்தான், தையில் கிழங்கு முற்றி, இலையும் பச்சையாக இருக்கும். பானைக் கழுத்தில் இலையோடும் கிழங்கோடும் கட்டலாம். எங்கள் புகுந்த வீட்டில் அந்தக் கிழங்கை எடுத்து வைத்து, பெரியவர்கள் அதை இழைத்துச் சின்னவர்கள் நெற்றியில் பூசுவார்கள்.

மாட்டுப் பொங்கல் என்னென்ன செய்வீர்கள்?

கொங்கில் இதுதான் பெரிய பொங்கல், 'பட்டிப் பொங்கல்' என்போம். காலையில் மாடுகளைக் குளிப்பாட்டி, கொம்பு சீவி எண்ணெயோ வர்ணமோ பூசி, பழைய மூக்கணாங்கயிறு, கழுத்துக் கயிறு எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் புதுசு போடுவோம். பொங்கல் வைப்பது பட்டியிலேயே, சாயங்காலம். பட்டி முன்னால் மண்ணையும் சாணியையும் குழைத்துச் சின்னத் தெப்பக்குளம் ஒன்று கட்டுவோம். ஒரு முழம் நீளம் இருக்கும், நான்கு பக்கமும் கரை, உள்ளே தண்ணீர், கரையில் பூளைப்பூவும் ஆவாரம்பூவும். பிள்ளைகள் படிக்கட்டெல்லாம் வைப்பார்கள். பூசை முடிந்ததும் தட்டைத் தட்டிக்கொண்டு தண்ணீர் தெளித்தபடி மாடுகளைச் சுற்றி வருவோம்: "பொங்கலோ பொங்கல்! பட்டி பெருக, பால் பானை பொங்க, நோவும் பிணியும் தெருவோடு போக!" கடைசியில் ஒரு கன்றைப் பிடித்து அந்தக் குளத்தை மிதித்துத் தாண்டவைப்போம். கன்று லேசில் வராது. நான்கு பேர் தள்ள, ஒருவர் இழுக்க, அது நின்ற இடத்திலேயே நிற்கும். தாண்டினால் எல்லோரும் சத்தம் போடுவோம், அது பயந்து ஓடும்.

மாடு இல்லாத வீட்டில் ஏதாவது செய்தே ஆக வேண்டுமா என்றால், இல்லை. பால்காரர் வீட்டு மாட்டுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுபோய்க் கொடுங்கள். தஞ்சாவூரில் இருப்பவர்கள் பெரிய கோயிலுக்குப் போகலாம், அன்றைக்கு அந்தப் பெரிய நந்திக்குக் காய், கனி, இனிப்பு வகைகளால் அலங்காரம் செய்வார்கள்.

மாட்டுக்கு எவ்வளவு பொங்கல் கொடுக்கலாம்?

ஒரு கைப்பிடி. இதைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். நாலைந்து வருடம் முன்பு எங்கள் வீட்டில் விருந்தாளி கூட்டம். வந்தவர்கள் எல்லாம் ஆசையாக ஆளுக்கொரு உருண்டை ஊட்டினார்கள், எண்ணியவர் யாரும் இல்லை. ராத்திரி பத்து மணிக்கு அந்தச் செவலை மாடு வயிறு உப்பி, அசைபோடாமல் நின்றது. மாட்டு டாக்டர் வந்து சோடா உப்பைத் தண்ணீரில் கரைத்துப் புகட்டி, ஊசி போட்டு, விடியும் வரை நடக்கவிடச் சொன்னார். வெந்த அரிசியும் வெல்லமும் அளவுக்கு மீறிப் போனால் மாட்டின் வயிற்றில் அமிலம் கூடிவிடும், உயிருக்கே ஆபத்து என்று சொல்லிவிட்டுப் போனார். மாடு பிழைத்தது. அன்றிலிருந்து பட்டி வாசலில் என் கணவர் காவல். ஊட்ட வருகிறவர் கையில் ஒரு வாழைப்பழத்தைக் கொடுத்துவிடுவார்.

கணுப்பிடி யார் வைக்க வேண்டும்?

பெண்கள், உடன்பிறந்தவர்கள் நன்றாக இருக்க வேண்டும் என்று. மாட்டுப் பொங்கல் காலையில் குளிப்பதற்கு முன், மஞ்சள் இலையை விரித்து முந்தின நாள் சாதத்தில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று உருண்டைகள் பிடித்துக் காக்கைக்கு வைப்பார்கள். பிராமண வீடுகளில் இது கட்டாயம். எங்கள் இரண்டு பக்கத்திலும் வழக்கம் இல்லை, அதனால் மேற்கொண்டு கேட்டால் அடுத்த தெரு மாமியிடம்தான் நானும் கேட்பேன். அண்ணன் தம்பி சீர் அனுப்புவது மட்டும் எல்லா வீட்டிலும் உண்டு. நெல்லையில் அதைப் 'பொங்கப்படி' என்போம். எனக்கு இன்னும் வருகிறது. முன்பெல்லாம் தம்பி அரிசி, கரும்பு, வெண்கலப் பானை, கிழங்கு மூட்டையோடு பஸ்ஸில் வந்து இறங்குவான். இப்போது போனில் பணம் வந்து விழுகிறது. சிறுகிழங்கை மட்டும் பார்சலில் போடச் சொல்லியிருக்கிறேன், கோபியில் அது கிடைப்பதில்லை.

சிறுவீட்டுப் பொங்கல் என்று அம்மா சொல்வாரே?

அது தெற்கே பெண் குழந்தைகளுக்கு. மார்கழி முழுக்க வாசல் கோலத்தில் சாணி உருண்டை வைத்துப் பூசணிப்பூ சொருகுவோம் இல்லையா, அந்த உருண்டைகளைத் தினமும் வறட்டியாகத் தட்டிக் காயவைத்துச் சேர்ப்போம். தையில் ஒரு நாள், எங்கள் தெருவில் தைப்பூசத்தை ஒட்டி, வாசலில் மண்ணால் சின்ன வீடு கட்டி, அதில் சின்னப் பானையில் பிள்ளைகளே பொங்கல் வைப்பார்கள். அப்புறம் அந்த வறட்டிகளின் மேல் சூடம் ஏற்றி ஆற்றில் விட வேண்டும். யாருடையது கவிழாமல் தூரம் போகிறது என்று கரையோடு ஓடுவோம். என்னுடையது பெரும்பாலும் படித்துறையிலேயே முட்டி நின்றுவிடும்.

காணும் பொங்கலுக்கு எங்கே போகலாம்?

மெரினாவுக்கு மட்டும் வேண்டாம் என்பேன், நீங்கள் கேட்கப்போவதில்லை. கடலில் இறங்க விடமாட்டார்கள், குழந்தையின் கையை விடாதீர்கள். கொங்கில் அன்று பூப்பொங்கல், 'பூப்பறிக்கிற நோன்பு' என்றும் சொல்வோம். பெண்கள் கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்கோ கரட்டுக்கோ போய் ஆவாரம்பூ பறித்து, கும்மியடித்துவிட்டு வருவோம். ஆண்கள் சமையலைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் இல்லை, இருந்தால் நன்றாக இருக்கும்.

ஜல்லிக்கட்டு எந்த நாளில் எங்கே?

தை 1 அவனியாபுரம், தை 2 பாலமேடு, தை 3 அலங்காநல்லூர். 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடை போட்டது, 2017 ஜனவரியில் மெரினாவில் இளைஞர்கள் உட்கார்ந்த பிறகு மத்தியச் சட்டத்துக்கு மாநில அரசு ஒரு திருத்தச் சட்டம் கொண்டுவந்தது, 2023 மே மாதம் அந்தச் சட்டம் செல்லும் என்று ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது. அதற்கு மேல் மதுரைக்காரர்களிடம் கேளுங்கள், ஒரு மணி நேரம் சொல்வார்கள்.

தை முதல் நாள்தான் தமிழ்ப் புத்தாண்டா?

2008-ல் தமிழக அரசு அப்படிச் சட்டம் போட்டது, 2011-ல் அது நீக்கப்பட்டது. இப்போது அரசு விடுமுறை சித்திரை 1-க்கு. தை 2 திருவள்ளுவர் நாள். எங்கள் வீட்டில் மாமனார் சித்திரை என்பார், கொழுந்தனார் தை என்பார். இரண்டு நாளும் பாயசம் வைக்கிறேன்.

வீட்டில் துக்கம், பொங்கல் வைக்கலாமா?

பங்காளி வீட்டில் இறப்பு என்றால் அந்த வருடம் வைக்காமல் விடுவது பெரும்பாலான வழக்கம். ஆனால் அந்த வீட்டில் அன்றைக்கு அடுப்பு வெறுமனே இருக்கக் கூடாது என்று அக்கம்பக்கத்தார் பொங்கலும் குழம்பும் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். உங்கள் தெருவில் அப்படி ஒரு வீடு இருந்தால், யாராவது கொடுத்திருப்பார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். மாட்டுக்குத் துக்கம் கிடையாது, பட்டியில் பூசை மட்டும் எங்கள் பக்கம் செய்துவிடுவார்கள்.

இலங்கைத் தமிழர்கள் எப்படிக் கொண்டாடுவார்கள்?

டொரண்டோவில் என் மகள் வீட்டுக்கு மேல்மாடியில் யாழ்ப்பாணக் குடும்பம். அவர்கள் சொல்லிக் கேட்டது: முற்றத்தை மெழுகிக் கோலம் போட்டு, வறுத்த பயறு, கஜு (நம் முந்திரிப்பருப்பு), முந்திரிகை வத்தல் (நம் உலர்திராட்சை) போட்டுப் பொங்குவார்கள், பொங்கும்போது வெடி கொளுத்துவார்கள். அவர்கள் 'சர்க்கரை' என்றால் நம் வெல்லம், நம் சர்க்கரை அவர்களுக்குச் 'சீனி'. நெல்லைக்காரியான எனக்கு அது அந்நியமாகவே படவில்லை, நாங்களும் சீனி என்றுதான் சொல்வோம். மறுநாள் அங்கேயும் பட்டிப் பொங்கல். வல்வெட்டித்துறையில் பொங்கலன்று பட்டம் விடும் போட்டி பெரிய விழா.

மிச்சமான குழம்பை என்ன செய்வது?

கொட்டிவிடாதீர்கள்! தெற்கத்தி வீட்டில் பொங்கலின் பாதி ருசி அதில்தான் இருக்கிறது. அத்தனை கிழங்கும் காயும் போட்ட குழம்பு, பொரியல், அவியல் மிச்சம் எல்லாவற்றையும் ஒரே மண்சட்டியில் சேர்த்துச் சின்னத் தீயில் சுண்டவிடுங்கள். அதுதான் சுண்டக்கறி. மறுநாள் காலை, பால் பொங்கல் மிச்சத்தில் தண்ணீர் ஊற்றி வைத்த பழைய சோற்றுக்கு அதைத் தொட்டுக்கொள்ள வேண்டும். இரண்டாம் நாள் சுண்டவைத்தால் இன்னும் நன்றாக இருக்கும், மூன்றாம் நாள் சட்டியின் அடியில் ஒட்டியிருப்பதற்குச் சண்டை வரும். என் மாமியார் முதல் வருடம் அந்தச் சட்டியை எட்டிப்பார்த்து, "இதென்ன கண்ணு, எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டி வச்சிருக்கே?" என்றார். அடுத்த வருடம் சட்டி காலியாக இருந்தது. யார் சாப்பிட்டது என்று நான் கேட்கவில்லை.